ஒற்றைத் தந்தியில் ஒரு கச்சேரி

ஜனவரி 14, செவ்வாய்

குளிர் மைனஸ் இருபத்தொன்று. மருந்துக்கடை வேலை முடிந்து நேரே மெட்ரோ, வில்லரேப் பகுதியில் மெய்லிங் வீடு. எர்ஹு என்ற சீன வாத்தியம் வாசிக்கும் பெண். சனிக்கிழமைக் கச்சேரிக்கு அவளோடு என் வயலின். இன்று இரண்டாவது ஒத்திகை.

எர்ஹுவைக் கிட்ட இருந்து பார்த்தேன். இரண்டே தந்தி. வில்லின் முடி இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது. விரல் அழுத்தப் பலகை இல்லை, தந்தி அந்தரத்தில். பிறகு எப்படி இவ்வளவு சுத்தமான கமகம்? கமகம் என்றால் என்ன என்று அவள் கேட்டாள். அவளுடைய பிரெஞ்சையும் என்னுடையதையும் கூட்டினால் ஒரு ஆளுக்குப் போதும். விளக்கத்தை விட்டுவிட்டு மோகனம் வாசித்தேன். ஒரு சுற்று முடியும் முன்பே கூடச் சேர்ந்துவிட்டாள். தங்கள் ஊர் மெட்டு மாதிரியாம்!

நான் கடைசியாக மேடையேறிப் பதினொரு வருடம்.

ஜனவரி 16, வியாழன்

வாங்க: பால், வில்லுக்கு ரொசின், இவருக்கு இருமல் மருந்து.

ஒத்திகை எங்கள் அபார்ட்மென்டில். குசினியிலிருந்து என் கணவர், "ஆர் அங்க அழுறது?" பேந்து கதவடியில் வந்து நின்று எர்ஹுவைக் கேட்டார். தேத்தண்ணி ஆறிப்போனது.

எர்ஹுவின் முகத்தில் மலைப்பாம்புத் தோல். ஹீட்டர் காற்றில் காய்ந்தால் சத்தம் மாறுமாம். பெட்டிக்குள் ஈரத்துணி வைத்திருக்கிறாள். எந்த நாட்டுக்குப் போனாலும் சீன விருந்துக்கு வாசிக்கிற மெட்டைத்தான் கேட்கிறார்களாம். இந்தமுறை தான் எழுதியதை மட்டும்தான் வாசிப்பாளாம்.

ஜனவரி 18, சனி

நூலக மண்டபம், பகல் இரண்டு மணி. எண்பது பேர் இருக்கும். வயலினை இரண்டு தரம் சுருதி சேர்த்தேன்.

அவள் எழுதிய பாட்டின் நடுவில் எர்ஹுவின் தந்தி முறுக்கும் பிரடை இளகிக் கீழ் ஸ்வரத் தந்தி தொய்ந்துவிட்டது. நிறுத்துவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தாள். மற்றத் தந்தியிலேயே தொடர்ந்தாள். கீழ் ஸ்வரமெல்லாம் என் தலையில். தாளில் இல்லாதவை. எங்கே இறங்கப் போகிறாள் என்று அவள் விரலைப் பார்த்துப் பார்த்து வாசித்தேன். எண்பது பேர் இருந்ததே மறந்துபோனது.

நீண்ட கைதட்டல். பிசகு ஒருவருக்கும் தெரியவில்லை. இவருக்கும்தான். "கடைசியில ரெண்டு பேரும் கதைச்ச மாதிரி இருந்தது. அதுதான் திறம்."

மேடைக்குப் பின்னால் மெய்லிங் அழுதாள். பாட்டுக் கெட்டதற்கா என்று கேட்டேன். இல்லையாம். இத்தனை வருடமாகத் தனியாகவே வாசிக்கிறாளாம். விழப்போகும்போது ஒருவரும் பிடித்ததில்லையாம்.

ஜனவரி 20, திங்கள்

பனி. பஸ் பிந்தியது. மதியச் சாப்பாட்டின்போது மெய்லிங்கின் மெசேஜ். அந்தப் பாட்டை இரண்டு வாத்தியத்துக்குமாகத் திருத்தி எழுதுகிறாளாம். மே மாதம் லிஸ்பனில் கச்சேரி. வருவேனா?

லீவு கிடைக்குமோ தெரியாது. இவரிடம் இன்னும் கேட்கவில்லை. அவசரத்தில் தமிழிலேயே ‘ஓம், வாறன்’ என்று அனுப்பிவிட்டேன்.

இது என்ன எழுத்து என்று கேட்டிருக்கிறாள்.