கடலில் போட்டுவிட்டு வந்த மொழி

கொல்லையில் மீமீ விளாமரப் பட்டையைக் கல்லில் இழைத்துக்கொண்டிருக்கிறாள். பர்மாவில் பெண்கள் இப்படித்தான் பட்டையை இழைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்வார்களாம். சந்தனம்போலத் தொடங்கிக் கொஞ்சம் கசப்பில் முடிகிற வாசனை. நீங்கள் இருந்தவரை, இந்த வாசனை கூடத்துக்கு வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவீர்கள். இப்போது நீங்கள் எழுந்து போக இடமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நமக்குக் கல்யாணமான புதிதில், அரிசி வியாபாரத்துக்காக ரங்கூனுக்கும் நாமக்கல்லுக்குமாக நீங்கள் போய்வந்துகொண்டிருந்தீர்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் விருந்தாளிகள் முன்னால் பர்மிய மொழியில் நாலு வார்த்தை பேசிக் காட்டுவீர்கள். வியாபாரத்தை முடித்துக்கொண்டு ஒரேயடியாகத் திரும்பிய பிறகு, ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்த என் அண்ணன் கேட்டார்: "ஏனுங்க மாப்ள, அந்தப் பாசையில கொஞ்சம் பேசுங்க, கேப்போம்."

"அதெல்லாம் கப்பல்ல ஏறையிலயே கடல்ல போட்டுட்டனுங்க" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நான் சென்னையில் கல்லூரியில் பிரெஞ்சு படித்தவள். அதற்குப் பிறகு அதைப் பேச எனக்கு ஆள் இல்லை. ஆகவே ஒரு மொழி எப்படி மறந்துபோகும் என்று எனக்குத் தெரியும். அது ஒழுங்காக மறக்காது. கிழமைகளில் புதன் மட்டும் போய்விட்டது, மற்றவை இருக்கின்றன. குடைக்குச் சொல் இருக்கிறது, மழைக்கு இல்லை. தேடும்போது வராத சொல், கீரை ஆயும்போது தானாக வந்து நிற்கும். உங்கள் மறதியில் அப்படி எதுவுமே மிஞ்சவில்லை. துடைத்துவிட்ட கூடம்போல் இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டேன். எதற்காகத் துடைத்தீர்கள் என்பதுதான் தெரியவில்லை.

ரங்கூனில் குண்டு விழுந்ததற்கு அடுத்த தை மாதம் அது தெரிந்தது. அங்கிருந்து தப்பிவந்த சேந்தமங்கலத்துத் தையல்காரர் ஒருவர், ஏழு வயது மீமீயை நம் வாசலுக்குக் கூட்டிவந்தார்.

"இது உங்க கொழந்தைதானுங்க. அந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியுமுங்க. தமிழ்தான் வராது."

"ஆரு கொழந்தையோ. ஆளு மாறி வந்துட்டீங்க."

அவள் உங்களைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அழவில்லை. "என்ன சொல்லுதுன்னே புரியலீங்க" என்று நீங்கள் தையல்காரரிடம் சொன்னீர்கள். சொல்லும்போதே உங்கள் கை தலைக்குப் போனது. உருமாலை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகுதான் தையல்காரர் தமிழில் சொன்னார்: "அதோட அம்மா குண்டுல செத்துப்போச்சுங்க. அதத்தான் சொல்லுது."

சாவுச் செய்தி காதில் விழுந்தால் நம் பக்கத்து ஆண்கள் தலைக்கட்டை அவிழ்ப்பார்கள். செய்தி தமிழில் வருவதற்கு முன்பே நீங்கள் அவிழ்த்துவிட்டீர்கள்.

தையல்காரர் காபி குடிக்க உள்ளே போனதும் கேட்டேன்.

"உருமால எதுக்குங்க எடுத்தீங்க?"

"பொழுக்கம்."

"தை மாசத்துலயா?"

உருமாலை மறுபடி தலையில் கட்டிக்கொண்டீர்கள். "அவ இந்த ஊட்லதான் இருப்பா" என்றேன். "உன்ற இஷ்டம்" என்றீர்கள், ஏதோ எனக்கு விட்டுக்கொடுப்பதுபோல.

அங்கே ஒரு குடும்பம் வைத்திருந்ததற்காக வந்த கோபம் ஒருவேளை ஆறியிருக்கும். ஆறாதது வேறு. தையல்காரர் பிழைப்புத் தேடிக் கோயமுத்தூர் போய்விட்டார். அதன்பின் இந்த வட்டாரத்தில் அவளோடு அவள் மொழியில் பேசக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். முதல் வருஷம் முழுக்க உங்கள் பின்னாலேயே நடந்து பேசினாள். நீங்கள் கட்டுத்தறியில் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டு, காதில் விழாதவர்போல் நின்றீர்கள். பிறகு அவள் கோழிகளோடு பேசினாள். அதுவும் நின்றது. சாகும்வரை ஒரு வார்த்தை நீங்கள் கொடுக்கவில்லை. காய்ச்சலில் பிதற்றும்போதாவது வரும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் மறந்ததாகச் சொன்ன மொழியை அவள் உண்மையிலேயே மறந்தாள்.

போன வெள்ளிக்கிழமை இழைத்த விழுதோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, இதப் பூசறப்ப எங்கம்மா மொகத்தப் புடிச்சுக்கிட்டு என்னமோ சொல்லும். எத்தன யோசிச்சும் வர மாட்டீங்குது."

எனக்கு வந்தது. வந்த புதிதில் அவள் என் தாடையைப் பிடித்துக்கொண்டு என் கன்னத்தில் பூசி விளையாடுவாள். அப்போது அதட்டலாக ஒன்று சொல்வாள். 'ஆடாம இரு' என்று அர்த்தம் என, தமிழ் வந்த பிறகு அவளே சொன்னாள். புதன்கிழமையைத் தொலைத்த என் தலையில் அது பத்திரமாக இருந்திருக்கிறது. சொன்னேன்.

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னபோது என் உச்சரிப்பு அவள் வாயில் சரியாகிவிட்டது. பிறகு என் தாடையைப் பிடித்தாள். நான் ஆடாமல் இருந்தேன்.

அந்த வார்த்தையை இங்கே எழுதமாட்டேன். உங்களுக்குத் தெரியும்.