எட்டாவது வருஷம்

மார்ச் 3

மெய்ப்புப் பார்க்க வந்த நாவலில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாயகி அழுகிறாள்; ஏன் என்றுதான் பிடிபடவில்லை. நாக்கெல்லாம் புண். வெறும் பால் பட்டாலும் எரிகிறது.

"குருவிக்கு அலகு போதாதா, நாக்கு வேற எதுக்கு?" என்றார் அத்தான். இரைப்பையை எடுத்ததிலிருந்து கொத்திக் கொத்தித் தின்பதால் அக்கா வீட்டில் எனக்கு அந்தப் பெயர். சிரித்து வைத்தேன்.

மார்ச் 9

முகம் கழுவக் கண்ணை மூடினேன். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டேன். திறந்தால் எல்லாம் சரி. மறுபடி மூடிப் பார்த்தேன் — மறுபடியும் சாய்ந்தது.

அக்கா கதவைத் தட்டினாள். "உள்ள என்னடி, தூங்கிட்டியா?"

"வரேன்."



மார்ச் 10

புற்று மூளைக்குப் போயிருக்குமோ?

மார்ச் 17

அறுவை சிகிச்சைக்குப் பிறகு இது எட்டாவது வருஷம். ஐந்து முடிந்த அன்று பெரிய டாக்டர் கை குலுக்கினார். "இனிமே நீங்க இங்க வரவே வேண்டாம்." வீட்டுக்கு வந்ததும் அக்கா கோப்பு, மாத்திரைகள், மிச்சமிருந்த சத்து ஊசி மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக் குப்பையில் போட்டாள். "பீடை ஒழிஞ்சது. இனி ஆஸ்பத்திரிங்கற பேச்சே இந்த வீட்ல வரக்கூடாது."

வரவும் இல்லை. காய்ச்சலைக்கூட நாங்கள் அசதி என்றுதான் சொல்கிறோம்.

இப்போது அந்தப் பேச்சை எப்படி எடுப்பேன்? அவள் முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை பார்த்தது போதும்.

இரைப்பை இல்லாதவளுக்கும் பயம் வயிற்றில்தான் வந்து உட்காருகிறது.

மார்ச் 26

அலுவலக வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்றேன். மற்றது படிக்கட்டில் கிடந்தது. கழன்றதே தெரியவில்லை.

காவலாளி எடுத்து வந்து வைத்தார். "நினைப்பெல்லாம் எங்கம்மா இருக்கு?"

நல்ல கேள்வி.

ஏப்ரல் 2

வெந்நீர் காலில் கொட்டியிருக்கிறது. கொப்புளத்தைப் பார்த்தவள் அக்காதான்.

"வலிக்கலையாடி?"

இல்லை என்றேன். அவள் குரல் இறங்கிவிட்டது. "எவ்வளவு நாளா இப்படி?"

சொன்னேன். எல்லாவற்றையும்.

"எங்கிட்ட ஏன் மறைச்சே?"

"நீதானே பேசக்கூடாதுன்னே."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனா வேற என்னதான் சொல்றது? திட்டியிருந்தாலாவது தேவலை. குனிந்து மருந்து தடவினாள்.

ஏப்ரல் 11

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. புற்று திரும்பவில்லை.

அக்கா நாற்காலியில் சரிந்து மூச்சு விட்டாள். நரம்பு டாக்டர் அம்மாள் மட்டும் இன்னும் ரத்தப் பரிசோதனைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பி பன்னிரண்டு ஊசி கடைசியா எப்போ போட்டீங்க?"

அக்கா முந்திக்கொண்டாள். "அதான் அஞ்சு வருஷம் முடிஞ்சுதே டாக்டர். வரவேண்டாம்னுட்டாங்க."

"அஞ்சு வருஷக் கணக்கு புத்துக்கும்மா. இரைப்பை இல்லாதவங்களுக்கு அந்தச் சத்து சாப்பாட்டுலேர்ந்து ஏறாது. ஊசி ஆயுசுக்கும் போடணும். சேமிப்புல இருந்தது தீர்ந்து, இப்போ நரம்பு கெட்டிருக்கு."

"சரியாயிடும்ல?"

"போட்டுப் பாப்போம்."

வெளியே வந்ததும், "நான்தானே தூக்கிப் போட்டேன்" என்றாள்.

"நானும்தான் பாத்துட்டு நின்னேன்க்கா."

மே 21

நாக்கு ஆறிவிட்டது. அச்சுப்பிழைகள் பழையபடி தாமாக வந்து கண்ணில் விழுகின்றன. அந்த நாயகி ஏன் அழுதாள் என்று புரிந்தது. பெரிய காரணம் ஒன்றுமில்லை.

ஜூலை 8

அக்கா தினமும் கேட்கிறாள்: "இன்னிக்கு எப்படி இருக்கு?" கொஞ்சம் பரவாயில்லை என்கிறேன். தினமும்.

அக்டோபர் 14

மறு பரிசோதனை. அக்காவும் உள்ளே வந்தாள். படுக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னார் டாக்டர். "குண்டூசி பட்டா சொல்லுங்க."

விரல் நுனியில் பட்டது, சொன்னேன். முழங்கையில், முழங்காலில். "நல்ல முன்னேற்றம்" என்றார்.

"இனி பாதம்."

காத்திருந்தேன். மேலே மின்விசிறி சுற்றும் சத்தம். அக்கா மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது.

"குத்துங்க டாக்டர், பரவாயில்ல."

கண்ணைத் திறந்தேன். டாக்டர் குண்டூசியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு என் பாதத்தில் ரத்தப் புள்ளிகளைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.