முதலில் கடலைச் சொல்லுவம்

இன்று காலை கிணற்றடி வாளிக்குள்ளிருந்து ஒரு நூற்சுருளை எடுத்தேன். கல்லைக் கட்டி உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டிருந்த நைலோன் நூல். விரல்களில் அதே மணம், புதுக்குடையும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல. பெரியகடைச் சந்தையில் இருக்கும் நமது வலைநூல் கடையில் பொதி உடைக்கும் நாட்களில் உங்கள் சட்டையோடு வீட்டுக்கு வரும் மணம். நீங்கள் கண்மூடிய பிறகு இன்றுதான் அது இந்த வளவுக்குள் வந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கோபம் ஆறாததும் ஒரு காரணம்.

அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டதிலிருந்து கொழும்பு முகவர்கள் ஓயாமல் வருகிறார்கள். போன கிழமை உங்கள் தம்பி அப்படி ஒருவரை வீட்டுக்கே கூட்டிவந்தார். இனி வலைநூல் முழுவதையும் ஒரே வெளிநாட்டுக் கொம்பனியிடம், அந்த முகவர் வழியாகவே எடுப்பதென்று ஒப்பந்தம். கடையில் பாதி என் பெயரில் இருப்பதால் என் கையெழுத்தும் வேண்டுமாம். அந்த நூல் பிழையாய்ப் போனால் குருநகர் மீனவர்கள் ஒரு பருவம் முழுக்க வெறுங்கையோடு கரைக்கு வருவார்கள். அதைப் பற்றி இருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை.

உங்கள் கதிரையில் இருந்து, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு அந்த முகவர் சொன்னார்: "வெளிநாட்டிலை ஆரிட்டை வாங்கிறதெண்டு தெரிவு செய்யிறது இப்ப ஒரு படிப்பு, அம்மா. நீங்கள் இவ்வளவு காலமும் கிடைச்சதை வாங்கி வித்திருக்கிறியள்."

கிடைத்ததை வாங்கி விற்றோமாம்.

யப்பானிலிருந்து முதல் நைலோன் பொதி வந்த வருடம் எனக்கு நினைவிருக்கிறது. அதுவரை பருத்தி வலைதான். உக்கிப்போகாமல் இருக்க அதை மரப்பட்டைச் சாயத்தில் அவிப்பார்கள். புது நூலையும் பழக்கப்படியே கொதிக்கும் கிடாரத்தில் போட்டார்கள். போடவேண்டாமென்று சொல்ல நமக்கும் தெரியவில்லை. குருநகர் மீனவர் சவிரிமுத்தர் சுருங்கிய வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தார். "முதலாளி, சூடைமீனுக்குக் கட்டின வலை நுளம்பு வலையாய்ப் போச்சு. உங்கடை கட்டிலுக்கு மேலை கட்டுங்கோ" என்றார். கடையே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, யப்பான்காரன் ஏமாற்றிவிட்டான், இனி அவன் பக்கமே திரும்பமாட்டேன் என்று குதித்தீர்கள். நூலை நாங்கள் என்ன செய்வோம் என்று அவனுக்கு எழுதினீர்களா என்று கேட்டேன். எவ்வளவு வேண்டும், என்ன விலை, அவ்வளவுதான் எழுதியிருந்தீர்கள்.

அன்று நான் தட்டச்சுப்பொறிக்கு முன் உட்கார்ந்தேன். கன்னியர் மடத்தில் படித்த ஆங்கிலம் அதற்காவது உதவட்டும் என்று எல்லாவற்றையும் எழுதினேன். எங்கள் பரவைக்கடல் ஆழமில்லாதது. அதற்கு வெளியே கடலடிப் பவளப்பாறையான முருகைக்கல் வலையை அறுக்கும். வலையை வெயிலில் காயவிடுவோம், சாயத்தில் அவிப்போம். பின்னால் நின்று "விலையைக் கேளும், விலையைக் கேளும்" என்று அரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"முதலிலை கடலைச் சொல்லுவம். பிறகு விலையைக் கேப்பம்" என்றேன்.

பதில் வந்தது. நைலோன் உக்காது, சாயம் தேவையில்லை, ஒருபோதும் அவிக்கவேண்டாம். முருகைக்கல்லுக்கு வேறு தடிப்பில் நூல் இருக்கிறது, மாதிரி அனுப்புகிறோம். அதை நீங்களே குருநகருக்குக் கொண்டுபோய்ச் சொல்லி, சவிரிமுத்தருக்குப் புது நூலும் கொடுத்தீர்கள். அந்த நேர்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

அதன் பிறகு எந்த நாட்டுக்கு எழுதினாலும் கடல்தான் முதற்பந்தி. திருப்பிக் கேள்வி கேட்டவனிடம் மாதிரி எடுத்தோம். விலையை மட்டும் எழுதியவனை விட்டோம். மாதிரியை உப்பில் ஊறவைத்து, முருகைக்கல்லில் தேய்த்துப் பார்க்காமல் ஒரு பொதியும் எடுத்ததில்லை. ஒருவனை மட்டும் நம்பியதுமில்லை. ஒரு கப்பல் பிந்தினால் மற்றவனின் சரக்கு கிட்டங்கியில் இருக்கும். இது படிப்பில்லை என்றால் வேறு எது?

ஆனால் உங்களிலும் எனக்குக் கோபம் உண்டு. முதலில் கடல், பிறகு விலை என்ற என் சொல்லை ஊர் முழுக்க உங்களுடையதாகச் சொல்லித் திரிந்தீர்கள். தேவாலய வாசலில் வியாபாரிகள் நடுவே, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "நான் எப்பவும் சொல்லிறனான்..." என்று தொடங்குவீர்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோபுரத்தைப் பார்ப்பேன்.

போன கிழமை அந்த முகவரிடம் கேட்டேன்: "எங்கடை கடல் என்ன ஆழமெண்டு அந்தக் கொம்பனி கேட்டதோ? நீராவது கேட்டனீரோ?"

அவர் சிரித்தார். உங்கள் தம்பி பேனையைத் திறந்தபடி, "மச்சாள், உது ஆம்பிளையளின்ரை வியாபாரம், நீங்கள் கையெழுத்தை மட்டும் வையுங்கோ" என்றார். ஒப்பந்தத்தை அவர் பக்கமே தள்ளிவைத்தேன்.

"முதலிலை கடலைச் சொல்லுவம். பிறகு விலையைக் கேப்பம்."

உங்கள் தம்பியின் முகம் மாறியது. "அது அண்ணையின்ரை சொல்லெல்லோ" என்றார் மெதுவாக. பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார். மாதிரிச் சுருளை வைத்துவிட்டுப் போகும்படி முகவரிடம் அவரே சொன்னார்.

அந்தச் சொல் ஆருடையதென்று சொல்ல வாய் உன்னியது. சொல்லவில்லை. நான் சொன்னதாகச் சொல்லியிருந்தால் அந்தப் பேனையை அவர் மூடியிருக்கமாட்டார்.

சுருளைக் கொடியில் காயப்போட்டிருக்கிறேன். பின்னேரம் முருகைக்கல்லில் தேய்த்துப் பார்ப்பேன். என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போன சொல்லை, தேவைப்பட்ட நேரத்தில் உங்கள் பெயரோடு திருப்பித் தந்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.