மரியாதையாகக் கவலைப்படுவது எப்படி

மார்ச் 4, செவ்வாய்

நான் கார் ஓட்டச் சொல்லித்தரும் டிரைவிங் ஸ்கூலின் முதலாளி இன்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நிற்கவைத்தே பேசி அனுப்புகிறவர் நாற்காலி போட்டால் விஷயம் நல்லதில்லை என்று அப்போதே தெரிந்தது. புதிதாகக் கார் கற்க வந்திருக்கும், வங்கியில் வேலை பார்க்கும் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நேற்று எதிரே லாரி வந்தபோது நான் "ஐயோ!" என்று கத்தியதில் அந்தம்மா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். வண்டியைக் காப்பாற்றியது நான். புகாரும் என் மேல்தான்.

"அண்ணே, பதறாம, மரியாதையா, இங்கிலீஷ்ல சொல்லுங்க. இன்னொரு புகார் வந்துச்சுன்னா வண்டியை விட்டு இறக்கி, ஆபீஸ்ல போன் எடுக்க உட்கார வெச்சிடுவேன்."

இந்தத் தொழிலில் என்னிடம் இருக்கும் ஒரே கருவி அந்த ஐயோதான். அதையும் பிடுங்கிக்கொண்டால்?

மார்ச் 5, புதன்

மகளுக்குப் போன் போட்டேன். வெளியூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறாள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கவலைக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டால், "எவ்வளவு கவலைப்பா?" என்கிறாள். இதில் அளவு வேறு உண்டாம். லேசாக இருந்தால் கன்சர்ன்ட். கொஞ்சம் ஏறினால் வொரீட். கை வியர்த்தால் நெர்வஸ். சோறு தூக்கம் போனால் ஆங்ஷியஸ். நமக்கு இது அத்தனைக்கும் ஒரு டென்ஷன் போதும்.

தினம் ஒரு வார்த்தை, ஒரு உதாரண வாக்கியம் சொல்லித் தருகிறேன் என்றாள். தங்கம்.

மார்ச் 6, வியாழன்

"ஐ ஆம் எ லிட்டில் கன்சர்ன்ட் அபவுட் தட் லாரி." மரியாதையாக, முழுசாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் லாரி போய்விட்டது. எங்கள் காரின் பக்கக் கண்ணாடியும் அதோடு போய்விட்டது. வங்கி அம்மா "தேங்க் யூ" என்றார்.

மார்ச் 8, சனி

இன்று நெர்வஸ். மகள் தந்த உதாரணம்: "ஐ ஆம் நெர்வஸ் வென் மை மேனேஜர் கால்ஸ் மீ." மேனேஜர் கூப்பிட்டாலே படபடப்பாம். "மேனேஜரை எடுத்துட்டு சிக்னலைப் போடும்மா, எனக்கு அதுதான் உதவும்" என்றேன். சிரித்தாள். மாற்றிக் கொடுத்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

"ஐ ஆம் ஸோ ஆங்ஷியஸ், ஐ கான்ட் ஈட்." கவலையில் சாப்பிட முடியவில்லை என்று அர்த்தமாம்.

"கார் ஓட்டும்போது எவன் சாப்பிடுறான்? ஒரு உதாரணமாவது உருப்படியா சொல்ல மாட்டியா?" என்று கத்திவிட்டேன்.

"சாரிப்பா."

பிள்ளையை ஏன் திட்டுகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். இது படிப்பு விஷயம், நீ தலையிடாதே என்றேன்.

மார்ச் 13, வியாழன்

ட்ரெட். வரப்போவதை நினைத்தே வயிறு கலங்குவது. "ஐ ஆம் ட்ரெடிங் மண்டே." சின்ன வாக்கியம். வாய்க்கு நன்றாக வருகிறது.

மார்ச் 14, வெள்ளி

வங்கி அம்மாவிடம் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று இதுவரை படித்ததையெல்லாம் காரிலேயே ஒப்பித்தேன். மேனேஜர், சாப்பாடு, மண்டே. அந்தம்மா முதல்முறையாக, நான் சொல்லாமலே, பின்னால் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, அழகாக ஓரம் கட்டி நிறுத்தினார். சபாஷ் என்று சொல்ல வாயெடுத்தேன்.

இதெல்லாம் யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். மகள் என்றேன். எனக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: இது உதாரணம் இல்லை. உங்கள் மகளிடம் பேசுங்கள். இப்போதே.

அங்கேயே இறங்கிப் போன் போட்டேன். "திங்கக்கிழமை என்னம்மா?"

அழுகைதான் வந்தது. அப்புறம் சொன்னாள். வேலையில் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று திங்கட்கிழமை சொல்லப்போகிறார்கள். அனுப்பத்தான் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாடு இறங்கவே இல்லையாம்.

"ஏம்மா நேரா சொல்லல?"

"தமிழ்ல சொன்னா நீங்க பதறிடுவீங்கப்பா."

என்ன மனுஷன் நான்? பெத்த புள்ள சாப்பிட முடியலன்னு சொல்லுது — நான் உதாரணம் சரியில்லன்னு கத்தறேன்! கொஞ்சமாவது புத்தி வேண்டாமா?

ஐயோ தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "நாளைக்கு வரேன்மா" என்றேன்.

"வேணாம்பா..."

"பதறல. சும்மா வரேன்."

மார்ச் 17, திங்கள்

அவள் ஆபீஸ் வாசலில் ஒரு பெஞ்சு. காலையிலிருந்து அதில்தான் இருந்தேன். கன்சர்ன்ட், வொரீட், நெர்வஸ், ஆங்ஷியஸ் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் அதற்கு என்ன வார்த்தை என்று அவள் சொல்லித் தரவில்லை. காவலாளி இரண்டு முறை வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான்.

மதியம் வெளியே வந்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"சரி, வா, சாப்பிடலாம்."

இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

மார்ச் 19, புதன்

இருவரும் நேற்று வீடு வந்து சேர்ந்தோம். காலையில் முதலாளி போனில் பிடித்துக்கொண்டார். சொல்லாமல் லீவு போட்டதற்குத் திட்டிவிட்டு, வங்கி அம்மா வேறு யாருடனும் வண்டி எடுக்க மாட்டேன் என்கிறார், நாளைக்கு வந்துவிடுங்கள் என்றார்.

மகளிடம் இன்றைய வார்த்தை என்ன என்று கேட்டேன். "ரிலீவ்ட்" என்றாள். பாரம் இறங்கியபின் வருவதாம். உதாரணம் கேட்டேன்.

"அப்புறம் சொல்றேன்பா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பகல் பதினொரு மணிக்கு அப்படி ஒரு தூக்கம். மிக்ஸியைப் போட்டுவிடாதே என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.