மணக்கோலத்தில் எருக்கு

11-5-2004, செவ்வாய்
கத்திரி வெயில். கணினியில் மீண்டும் வைரஸ். பக்கத்து வீட்டுக் கோதண்டம் (தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர், எனக்கு ஓய்வு தராதவர்) குறுந்தகட்டோடு வந்தார்.
"லினக்ஸ் போட்டுறலாம் மேடம். இலவசம். வைரஸ் தொல்லையே இருக்காது."
பழைய இயங்குதளத்தை முற்றிலும் அழித்துப் புதியதை ஏற்றினார். மலைத் தாவர நூலின் கோப்புகள் முன்பே தகட்டில் பத்திரமாம். கல்லூரியில் பாடம் எடுப்பதை விட்ட பின் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அந்நூல்.

12-5, புதன்
புதியதில் இயங்காதவை: அச்சுப்பொறி, மோடம். பொறுத்துக்கொண்டேன். பிறகு நூலைத் திறந்தேன். தமிழே இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகளும் கோணல் குறிகளும். கோப்புகளை எடுத்துவைத்தவர் எழுத்துருவை எடுத்துவைக்கவில்லை; அது பழைய அமைப்போடு அழிந்தது; வேறு வகை எழுத்துருவில் இக்கோப்புகள் தமிழாகத் தெரியாது. அதை விற்ற கடையும் இன்றில்லை. தாளில் படி கிடையாது.
"ஃபான்ட்டைத் தனியா எடுக்கணும்னு தோணல மேடம்."
"வேற என்னதான் தோணுச்சு உங்களுக்கு?"
மோர் கேட்டார். இல்லை என்றேன். இருந்தது.

13-5, வியாழன்
கோதண்டம் நேற்று மாலையிலிருந்து எழுத்துரு தேடிச் சைக்கிளில் ஊரெங்கும், புறநகர் வேங்கிக்கால் வரை. கடைசியில் தேரடித் தெரு. கல்யாணப் பத்திரிகை அச்சிடும் அமுதாவிடம் அதே வகை எழுத்துரு உண்டாம். நானும் ஆட்டோவில் போனேன்.
"சாதா எழுத்தெல்லாம் பழைய மிஷினோட போயிடுச்சுங்க. பத்திரிகை எழுத்து ஒண்ணுதான் இருக்கு. யாருக்குக் கல்யாணம்?"
"எருக்கஞ்செடிக்கு."
"அது மூணாந்தாரம் கட்டுறவங்க தோஷம் போக முதல்ல தாலி கட்டுற செடிதானேங்க?" முகத்தில் சிரிப்பே இல்லை. ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தாள். காசு வாங்க மறுத்துவிட்டாள். நல்ல பெண். வாய் மட்டும் என்னைப் போல.

14-5, வெள்ளி
மாலையில் தூறல். எழுத்துரு ஏறியது. நூல் முழுவதும் திரும்பி வந்தது, சுருளும் கொடியுமாக. நஞ்சுச் செடிகள் அத்தியாயம்: எருக்கு, ஊமத்தை, அரளி, எட்டி. அத்தனையும் முகூர்த்த அலங்காரத்தில். 'ஞ' வரும் இடமெல்லாம் வெறுங்கட்டம். மற்றபடி ஒரு வரி குறையவில்லை. மூன்று முறை சரிபார்த்தேன்.
கோதண்டம் வாசலிலேயே நின்றார். கழுத்து வெயிலில் கருத்திருந்தது.
"பழையதையே திரும்பப் போட்டுத் தரட்டுமா மேடம்?"
"வேணாம். இருக்கட்டும். பிழை பார்க்க இந்த எழுத்தே வசதியா இருக்கு."
பொய். கண் வலிக்கிறது.
கேட்கும் முன்பே மோர் கொடுத்தேன். இரண்டாவது டம்ளரும்.