நீ ஏறாமல் விட்ட ரயில்கள்

லாசால், மொன்றியல்
மாசி மாதம், ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் ஜெயனிக்கு அப்பா எழுதுவது. முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள், எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்குகின்றன, பாதிப் பக்கம் எழுதினாலே விரல் நோகிறது. ஆனாலும் எழுபது வயது தாண்டி நானே என் கையால் எழுதும் முதல் கடிதம் இது. மாதாவின் இரக்கத்தால் நானும் அம்மாவும் றொக்சன் அண்ணையும் சுகம். நீயும் சுகமென்று எழுதிவிட ஆசைதான், ஆனால் அதை நீயல்லவா சொல்ல வேண்டும். கோயில் மண்டபத்தில் வயது போனவர்களுக்குத் தமிழ் எழுதச் சொல்லித் தரும் கத்தரின் ரீச்சர் போன கிழமை, "ஐயா, இனி நீங்கள் ஆருக்கும் கடிதம் போடலாம்" என்றார். உன் பெயரை எழுதி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்து, "என்ன, தனிய இருந்து சிரிக்கிறியள், விசரே" என்று கேட்டார்.

அம்மாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, பனியில் இறங்க வேண்டாமென்றால் கேட்பதில்லை. அண்ணைக்கு டோர்வல் விமான நிலையத்தில் அதே பெட்டி ஏற்றும் வேலை, முதுகு பிடிக்கிறது என்கிறான். இனி எழுத வந்ததை எழுதுகிறேன். உனக்கு யப்பானில் விடிகிற நேரம் எங்களுக்கு முதல் நாள் பின்னேரம். நீ வேலைக்குப் போக ஸ்டேசனில் நின்று போன் எடுப்பாய், நான் தேத்தண்ணியோடு ஜன்னலடியில் காத்திருப்பேன். "ரயில் வருது அப்பா, உள்ளுக்க நிண்டு கதைக்கக் கூடாது, வைக்கிறன்" என்று வைத்துவிடுவாய். ரயிலுக்குள் போனில் கதைப்பது யப்பானில் மரியாதை இல்லையாமே. எனக்கு அந்த ரயிலில் கோபம்கூட வரும், நான் வாய் திறக்க முதலே வந்து நின்றுவிடும். நத்தார் பண்டிகைக்குப் பிறகு நீ நெடுநேரம் கதைக்கத் தொடங்கினாய், எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா. பூசை முடிந்து வரும்போது என் சிநேகிதன் வின்சன்டிடம் அதைச் சொல்லிப் பெருமையடித்தேன், "உமக்கென்ன காணும், என்ர பெடியன் மெசேச்சோட சரி" என்று அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அம்மாதான் ஒருநாள் உன்னோடு கதைத்துவிட்டு வந்து மெல்ல, "இஞ்சாருங்கோ, அந்தப் பாட்டு எத்தினை தரம் அடிச்சிட்டுது, கேட்டனீங்களே" என்றார். ரயில் கதவு சாத்த முன்னம் அடிக்கும் பாட்டு. அடுத்த நாள் நானும் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு ரயில் வந்து போனது, இன்னொன்றும் வந்து போனது, நீ மீன்குழம்புக்குப் புளி எப்போது விடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

அப்போதுதான் நான் சொன்னேன், ரயில் போகுது பிள்ளை, ஏறன், வேலைக்குப் பிந்தப் போகுது என்று. நீ புளிக் கதையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டாய். பிறகு "ஓம் அப்பா, ஏறுறன்" என்று வைத்தாய். அன்று தொடங்கி நீ எடுக்கவில்லை. நாங்கள் எடுத்தால், வேலை, பேந்து எடுக்கிறன் என்று எழுதி அனுப்புகிறாய். அந்த ஒரு சொல்லை என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை மகள். உன் ஸ்டேசனை யாரோ எடுத்த வீடியோவை அண்ணை தேடிப் போட்டுத் தந்தான். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வரிசையாக நிற்கிறார்கள், சூடான கோப்பி விழுகிற மெசின் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் ஆட்கள் குந்தியிருக்க ஒரு வாங்கு. அந்த வாங்கில் நீ இருக்கிறாயா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். "அப்பா, அது போன வருசம் எடுத்தது, அதுக்குள்ள தங்கச்சியைத் தேடுறியளே" என்று அண்ணை சொல்கிறான். எனக்கும் தெரியும். வேறு எங்கே தேட. இதய ஒப்பரேசனுக்குப் பிறகு நீண்ட விமானப் பயணம் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார், அம்மா தனியே வரமாட்டார், அண்ணைக்கு லீவு இல்லை. பிள்ளை ஒரு வாங்கில் இருந்து ரயில்களைப் போகவிடுகிறாள் என்று தெரிந்தும் இங்கே இருந்து தேத்தண்ணி குடிக்கிறேன்.

வேலையில் யாரும் ஏசுகிறார்களா, உடம்புக்கு ஏலாதா, மனசுக்கு ஏலாதா, ஒன்றும் கேட்கவில்லை. சொல்ல விருப்பமென்றால் சொல். திரும்பி வர நினைத்தால் காரணம் தேடவேண்டாம், டோர்வலில் எந்த நேரம் இறங்கினாலும் அண்ணை நிற்பான். அங்கேயே இருக்க நினைத்தால் இரு, ஆனால் ஒரு டொக்டரிடம் போய்க் கதை, கூட வேலை செய்கிற ஒருவரிடமாவது வாய் திறந்து சொல். வெறும் வயிற்றோடு ஸ்டேசனுக்குப் போகாதே. எங்களுக்குப் போன் எடு. ஏறு என்று இனிச் சொல்லமாட்டேன். ரயில் வந்தால் அது போய் முடியும்வரை நானும் பேசாமல் உன்னோடு இருப்பேன்.

யேசுவும் மாதாவும் உன் பக்கத்தில் நிற்கட்டும். இந்தக் கடிதம் வந்து சேர இரண்டு மூன்று கிழமையாகும் என்று அண்ணை சொல்கிறான். அதற்கு முன் நீ எடுத்தாலும், எடுக்காவிட்டாலும், அடுத்த கிழமை மறுபடியும் எழுதுவேன்.

உன் அப்பா
ம. நீக்கிலாப்பிள்ளை