நடு எண்

அன்புள்ள அக்கா,

இல்லை, பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். அந்த மருந்து சராசரியாக மூன்று மாதம் ஆயுளைக் கூட்டும் என்றேனே, அது எங்கள் ஆய்வுக் கணக்கின் நடு எண் மட்டும்தான். உண்மையில் ஏழு மாதம் கூடலாம். ஆயுளில் ஒரு மாதம் குறையவும் செய்யலாம். இருநூறு நோயாளிகளை வைத்து அதற்குமேல் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்டதற்கு நம்பிக்கை இடைவெளி என்று பெயர். பெயரைப் பார்.

நடு எண்ணை மட்டும் எழுதுபவர்களை அலுவலகத்தில் திட்டுகிறவள் நான்.

நேற்று போனில், அந்த மருந்து தந்த வாந்திக்கு நடுவே, "மூணு மாசம்னா சின்னவ பரீட்சை முடிஞ்சிரும்டி, பல்லைக் கடிச்சுக்கிறேன்" என்றாய். அப்போதும் "ம்" என்றுதான் சொன்னேன்.

மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா, நீயே சொல். எனக்கு அலுத்துவிட்டது, உன் சார்பில் நம்பி நம்பி.

இன்று ஒரு மாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, உன் ஊருக்கு டிக்கெட் எடுத்தேன்.

உன் தங்கை